ஒட்டப்பிடாரத்து வக்கீல்



ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தா என்று யூனியனில் கேட்டார்கள். தளவாய்புரத்துப் பையன் என்றதும், ராஜபாளையம் பி.எஸ். குமாரசாமி ராஜாவை எழுதேன் என்று நாலு பேர் யோசனை சொன்னார்கள். நல்ல யோசனைதான். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்துக்கே முதலமைச்சராக இருந்துவிட்டு, சொந்த வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனவர். ஆனாலும் நான் எடுத்துக்கொண்டது வ.உ.சிதம்பரம் பிள்ளையை.

இதைச் சொன்னதும் என் பக்கத்து பெஞ்சு நண்பன் கொட்டாவி விட்டான். கப்பல், செக்கு, சிவாஜி படம்... எல்லாம் சின்ன வகுப்பிலேயே பாத்தாச்சு, படிச்சாச்சு, பேச்சுப் போட்டியில பேசியும் ஆச்சு, இன்னும் என்ன இருக்கு என்பது அவன் கேள்வி. பந்துலு எடுத்த அந்தப் படம் வந்தது 1961-ல். இன்றைக்கும் வ.உ.சி. என்றால் நம்மில் பாதிப் பேருக்கு சிவாஜி முகம்தான் ஞாபகம் வருகிறது. அதனால்தான் சொல்கிறேன், இதில் கப்பலைப் பற்றிக் கொஞ்சம்தான் வரும். நான் எழுத வந்தது ஒட்டப்பிடாரம் கோர்ட்டில் நின்ற வக்கீலைப் பற்றி.

இந்த எண்ணம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. போன வருஷம் சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றில் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இலைக்காரர் என்ன படிக்கிறாய் என்று கேட்டார். டிப்ளமா என்றேன். டிப்ளமாதானா, பி.இ. கிடைக்கலையாக்கும் என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கையை நீட்டினார். அந்த 'தானா' எனக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. நம்மில் எத்தனை பேருக்கு இது நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ரொம்ப வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக வேலை பார்த்தவர். நம் விருதுநகர் மாவட்டத்துக்கு ஜில்லா கோர்ட் அங்கேதானே இருக்கிறது. அவரிடம் இந்தக் கல்யாண வீட்டுக் கதையைப் புலம்பியபோது, வ.உ.சி. என்ன படிச்சிருந்தாருன்னு தெரியுமாலே என்று கேட்டார். வக்கீலுக்குப் படிச்சாரு என்றேன். பி.ஏ.வும் கிடையாது, பி.எல்.லும் கிடையாது, ப்ளீடர் பரீட்சை மட்டும்தான் எழுதினாக என்றார். அன்றைக்குத்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அந்தக் காலத்து வக்கீல்களில் பல ஜாதி இருந்தது. சீமைக்குப் போய்ப் படித்து வந்தவர் பாரிஸ்டர். பி.எல். பட்டம் வாங்கி ஹைகோர்ட் வரைக்கும் போகக்கூடியவர் வக்கீல். இவர்களுக்கெல்லாம் கீழே, பரீட்சை எழுதித் தேறி வெளியூர்க் கோர்ட்டுகளில் வாதாடியவர் ப்ளீடர். ஊர்நாட்டில் சப் மாஜிஸ்டிரேட் முன்னாலும் முன்சீப் முன்னாலும் நின்றவர்கள் பெரும்பாலும் இந்த ப்ளீடர்கள்தான். 1961-ல் வந்த வக்கீல்கள் சட்டம் இந்த வித்தியாசங்களைத் துடைத்து எல்லாரையும் அட்வகேட் என்று ஒரே பெயரில் கொண்டுவந்தது. தாத்தா வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழைய ப்ளீடர்கள் சிலர் அங்கே மிச்சம் இருந்தார்களாம். கோட்டு பழசா இருக்கும், சட்டம் மட்டும் நுனி நாக்குல நிக்கும் என்று அவர்களைப் பற்றிச் சொன்னார்.

சரி, கதைக்கு வருவோம்.

சிதம்பரம் பிள்ளை பிறந்தது 1872 செப்டம்பர் 5-ந் தேதி, ஒட்டப்பிடாரத்தில். அப்பா உலகநாத பிள்ளை, அம்மா பரமாயி அம்மாள். வீட்டுக்கு மூத்த பிள்ளை. அப்பாவும் அந்த ஊரிலேயே வக்கீல். அன்றைக்கு அது திருநெல்வேலி ஜில்லா. இன்னொன்றும் சொல்லவேண்டும்: 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா பிரிகிற வரைக்கும் நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கமும் அதே திருநெல்வேலி ஜில்லாதான். ஆக, அவர் நமக்குப் பக்கத்து மாவட்டத்துக்காரர் இல்லை, ஒரே ஜில்லாக்காரர்!

சின்ன வயதில் படிப்பில் புலி என்று யாரும் சொல்லவில்லை. அவரே பிற்காலத்தில் செய்யுளாக எழுதிய சுயசரிதையில் தான் ஆடிய விளையாட்டுகளை ஒன்று விடாமல் பட்டியல் போட்டிருக்கிறார். அதைப் பார்த்தால் புத்தகத்தைத் திறக்க நேரம் எங்கே இருந்தது என்றுதான் கேட்கத் தோன்றும். ஊரில் வீரபெருமாள் அண்ணாவியிடம் தமிழ், தாலுகா அலுவலகத்தில் இருந்த ஒருவரிடம் இங்கிலீஷ், அப்புறம் தூத்துக்குடி, திருநெல்வேலி என்று பள்ளிக்கூடம் மாறி மாறிப் படித்தார். படிப்பு முடிந்து தாலுகா ஆபீசில் கொஞ்ச நாள் குமாஸ்தா வேலை. அது ஒத்துவரவில்லை. அப்பா சட்டம் படிக்கத் திருச்சிக்கு அனுப்பினார். 1894-ல் ப்ளீடர் பரீட்சையில் தேறினார். 1895-ல் ஊருக்குத் திரும்பி வக்கீலாக உட்கார்ந்தார். வயது இருபத்து மூன்று. அதே வருஷம் வள்ளியம்மையோடு கல்யாணமும் ஆயிற்று.

இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். ஏனென்றால் படத்திலும் பாடப் புத்தகத்திலும் இந்தப் பகுதி ஒரே வரியில் ஓடிவிடும்.

சின்ன ஊர் வக்கீல் தொழில் எப்படி என்று தாத்தா எனக்குச் சொன்னார். கட்சிக்காரன் விடிவதற்குள் வந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பான். கையில் மஞ்சள் பை, பைக்குள்ளே சம்மனோ பழைய பத்திரமோ இருக்கும். முதலில் வக்காலத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கணும். அப்புறம் வாய்தா, வாய்தா, வாய்தா. சாட்சியைக் கூட்டி வரணும், அவன் பஸ் காசையும் பார்க்கணும். வக்கீல் காலத்திலோ பஸ்ஸும் கிடையாது, வண்டி கட்டித்தான் வரணும். ஃபீஸ் கேட்டால் வெள்ளாமை வீடு வரட்டும் என்பான். கிரிமினல் கேஸ் என்றால் இன்னும் மோசம். போலீஸ் பிடித்துக்கொண்டு போனவனுக்குக் கையில் ஏது காசு?

வ.உ.சி. ஒட்டப்பிடாரத்தில் பெயர் எடுத்தது கிரிமினல் கேசுகளில்தான். போலீஸ் போட்ட வழக்குகளில் ஏழைகளுக்காக நின்றார். கொடுக்க முடியாதவனிடம் ஃபீஸ் வாங்கவில்லை. பொய் வழக்குகள் உடைந்து ஆட்கள் விடுதலையாக ஆரம்பித்ததும் போலீசுக்கு அவரைக் கண்டாலே ஆகாமல் போயிற்று. அதோடு நின்றாரா? சப் மாஜிஸ்டிரேட்டுகள் மூன்று பேர் மீது லஞ்சக் குற்றச்சாட்டை நிரூபித்துக் காட்டினார்.

இதை வாசித்தபோது எனக்கு முதலில் பெரிதாகப் படவில்லை. தாத்தாதான் விளக்கினார். பட்டணத்து வக்கீல் ஒரு ஜட்ஜைப் பகைத்துக்கொண்டால் அடுத்த கோர்ட்டுக்குப் போய்க்கொள்வார். சின்ன ஊரில் இருப்பதோ ஒரே ஒரு சப் மாஜிஸ்டிரேட். தினமும் காலையில் அவர் முன்னால்தான் போய்க் கும்பிடணும், ஜாமீன் கேட்கணும், வாய்தா வாங்கணும். அவரையே லஞ்சக்காரர் என்று நிரூபிப்பது என்றால், உட்கார்ந்திருக்கிற கிளையை வெட்டுகிற மாதிரி. கோர்ட்டு வாசலில் காலம் கழித்த மனுஷனுக்கு இதுதான் கப்பலை விடப் பெரிய காரியமாகத் தெரிகிறது. கேட்டபிறகு எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. கப்பல் விடும்போது ஊரே பின்னால் நின்றது. இங்கே யார் நின்றார்கள்?

வீட்டுக்குள்ளேயும் அவருக்கு ஒரு வழக்கு வந்தது. ராமையா தேசிகர் என்று கண் தெரியாத துறவி ஒருவரைத் தன் வீட்டிலேயே வைத்துச் சோறு போட்டார். அந்தத் துறவி தாழ்ந்த ஜாதி என்று உறவுக்காரர்கள் முகத்தைத் திருப்பினார்கள். வள்ளியம்மை கணவர் பக்கம் நின்று தன் கையாலேயே அவருக்குப் பரிமாறினார். நூற்று இருபது வருஷத்துக்கு முந்திய கதை இது. நம் ஊர்களில் இன்றைக்கும் சில திண்ணைகளில் யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்று இருக்கிறதே, அதை வைத்துப் பார்த்தால் அந்த அம்மாள் செய்தது எவ்வளவு என்பது புரியும். அவர் ரொம்ப நாள் இருக்கவில்லை, பிரசவத்தில் இறந்துபோனார். பிறகு 1901-ல் வ.உ.சி. மீனாட்சி அம்மாளைக் கல்யாணம் செய்துகொண்டார்.

இதற்கிடையில் 1900-ல் தொழிலைத் தூத்துக்குடிக்கு மாற்றிக்கொண்டார். மகன் போலீசோடு மல்லுக்கு நின்றது அப்பாவுக்குக் கவலையாகி, அவர்தான் அனுப்பிவைத்தார் என்பார்கள். பெற்றவர் மனசு அப்படித்தான் இருக்கும். தூத்துக்குடி துறைமுக ஊர். பஞ்சு போகும், ஆட்கள் கொழும்புக்குப் போவார்கள், வியாபாரிகளுக்குள் வழக்கு நடக்கும். நல்ல வருமானம் வந்தது. பேசாமல் இருந்திருந்தால் ஜாம் ஜாம் என்று இருந்திருக்கலாம்.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே கப்பல் விட்டது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. அவர்கள் வைத்ததுதான் சட்டம். அவர்களுக்கு எதிராக 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. பங்கு ஒன்று 25 ரூபாய், 40,000 பங்கு, மொத்தம் பத்து லட்சம் ரூபாய். பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே இரண்டு லட்சத்துக்கு 8,000 பங்கு எடுத்தார். வ.உ.சி. உதவிச் செயலாளர். பதவியின் பெயரைப் பாருங்கள், உதவி! வேலை முழுதும் அவர் தலையில்.

வாடகைக்குப் பிடித்த கப்பல் எதிராளி மிரட்டலில் கைவிட்டுப் போனது. சொந்தக் கப்பல் இல்லாமல் திரும்பமாட்டேன் என்று பம்பாய்க்குக் கிளம்பினார். வீட்டில் மகனுக்கு உடம்பு சரியில்லை, மனைவி கர்ப்பமாக இருந்தார். 1907-ல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. இதற்கு மேல் கப்பல் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் சும்மா ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்தது என்பார்கள்.

நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். கம்பெனி பதிவு செய்வது, பங்குப் பத்திரம், ஒப்பந்தம், குத்தகை, எதிர்க்கட்சி எங்கே மடக்குவான் என்று முன்கூட்டியே பார்ப்பது... இதெல்லாம் ஒரு வக்கீலுடைய வேலைகள். மேடைப் பேச்சு மட்டும் தெரிந்தவர் என்றால் கப்பல் மேடையோடு நின்றிருக்கும். நாமும் மெஷின் ஷாப்பில் கற்றுக்கொள்கிற கை வேலை எங்கே போய் உதவும் என்று இப்போது தெரியாது. அது போகட்டும்.

கப்பலோடு தூத்துக்குடியில் தர்ம சங்க நெசவுசாலை ஒன்றையும் தொடங்கினார். தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த தளவாய்புரத்துக்காரனுக்கு இதை விட்டுவிட்டுப் போக மனசு வராது.

1908 பிப்ரவரி 27-ந் தேதி தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஹார்வி துரைமாருடைய மில். கூலி குறைவு, விடியற்காலையிலிருந்து இருட்டுகிற வரை வேலை, வார விடுமுறை கிடையாது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளிகளோடு நின்றார்கள். வேலைநிறுத்தத்தில் இருந்தவர்களுக்குச் சாப்பாட்டுக்கு வழி செய்யப் பணம் திரட்டினார்கள், அவர் கைப்பணமும் அதில் போனது. ஊர் முழுக்க அந்தப் பக்கம்தான். ஹார்வியை ஆதரித்துப் பேசிய ஒரு வக்கீலுக்குப் பாதி சவரத்தோடு நாவிதர் கத்தியை மடக்கிக்கொண்டு போய்விட்டார் என்று ஒரு கதை உண்டு. அந்த வக்கீல் மீதிப் பாதியோடு எந்தக் கோர்ட்டுக்குப் போனாரோ! மார்ச் 6-ந் தேதிக்குள் மில்காரர்கள் இறங்கி வந்தார்கள். கூலி கூடியது, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தது.

அவ்வளவுதான், அரசாங்கத்துக்குப் பொறுக்கவில்லை. கப்பலை வியாபாரம் என்று விட்டாலும் விடலாம், மில் தொழிலாளி ஜெயித்ததை விடமுடியுமா? கலெக்டர் விஞ்ச் திருநெல்வேலிக்கு வரச் சொன்னார். போகாதீர்கள் என்று தூத்துக்குடியில் தடுத்தார்கள். போனார். ஜில்லாவை விட்டு வெளியேறவேண்டும், அரசியலில் இறங்கமாட்டேன் என்று எழுதித் தரவேண்டும் என்றார் கலெக்டர். முடியாது என்றார் இவர். மார்ச் 12-ந் தேதி வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. காலேஜ் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். போலீஸ் சுட்டதில் நாலு பேர் செத்தார்கள்.

பதின்மூன்று வருஷம் மற்றவர்களுக்காகக் குறுக்கு விசாரணை செய்தவர் இப்போது தானே கூண்டில். நண்பர் பாரதியார் வந்து எதிர்த்தரப்புச் சாட்சி சொன்னார். இரண்டு பேருடைய அப்பாக்களும் முன்பே பழக்கம். செஷன்ஸ் ஜட்ஜ் பின்ஹே 1908 ஜூலை 7-ந் தேதி தீர்ப்புச் சொன்னார். ராஜத்துரோகத்துக்கு ஒரு ஆயுள், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு ஒரு ஆயுள். இரண்டும் சேர்ந்து நாற்பது வருஷம்! சிவாவுக்குப் பத்து வருஷம். அண்ணனுடைய தீர்ப்பைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குப் புத்தி பேதலித்துப்போய்க் கடைசி வரை சரியாகவில்லை. இந்த இழப்பு எந்தச் சிலைக்கும் கீழே எழுதப்படவில்லை.

அப்பீலில் தண்டனை ஆறு வருஷமாகக் குறைந்தது. கோயம்புத்தூர் ஜெயில், பிறகு கண்ணனூர் ஜெயில். கோயம்புத்தூரில்தான் செக்கு. மாடு இழுக்கிற செக்கை வெயிலில் மனுஷனைக் கட்டி இழுக்க வைத்தார்கள். அந்தச் செக்கு இன்று சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. சென்னைக்குப் போகும் நண்பர்கள் மெரினாவுக்குப் போவதற்கு முன்னால் ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம். ஜெயிலுக்குள்ளேயே அவர் தமிழ் இலக்கணமும் குறளும் படித்தார், ஜேம்ஸ் ஆலன் எழுதிய இங்கிலீஷ் புத்தகத்தைத் தமிழில் பெயர்த்தார். உள்ளே இருந்தபோதே 1911-ல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டுக் கொன்றதும் நடந்தது, சுதேசிக் கப்பல் கம்பெனி மூடப்பட்டதும் நடந்தது.

1912 டிசம்பர் 24-ந் தேதி விடுதலை. அவருக்குப் பின்னால் ஓடிவந்த கூட்டம் எங்கே போனதோ, ஜெயில் வாசலில் விரல் விட்டு எண்ணுகிற ஆட்கள்தான்.

படம் பார்க்கிறவர்கள் இந்த இடத்தோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். ஆனால் மனுஷனுக்கு அப்போது வயது நாற்பதுதான். இன்னும் இருபத்து நாலு வருஷம் பாக்கி இருக்கிறது. அந்த இருபத்து நாலு வருஷம் சோறு எங்கிருந்து வரும்? அதைத்தான் நாம் கேட்பதில்லை.

தெரிந்த தொழில் ஒன்றே ஒன்று, வக்கீல் தொழில். அதற்கு சன்னது வேண்டும். சன்னது என்பது கோர்ட்டில் நின்று பேசுவதற்கான அனுமதிப் பத்திரம். 1879-ம் வருஷத்துச் சட்டப்படி, குணக்கேட்டைக் காட்டுகிற குற்றத்துக்குத் தண்டனை வாங்கிய ப்ளீடரை ஹைகோர்ட் தொழிலிலிருந்தே நீக்கலாம். வ.உ.சி.யின் சன்னது பறிபோனது. லஞ்சம் வாங்கிய மாஜிஸ்டிரேட்டைப் பிடித்துக் கொடுத்த மனுஷனுக்குக் குணக்கேடு! தாத்தா இந்த இடத்தில் வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் மேலே பேசினார். ஜெயில் தண்டனை நாலரை வருஷத்தில் முடிந்தது, சன்னது தண்டனை அதைப் போல ரெண்டு மடங்குக்கு மேலே நீண்டது என்று அவர் கணக்குச் சொன்னார்.

குடும்பத்தோடு சென்னையில் இருந்தார். சிந்தாதிரிப்பேட்டை, மயிலாப்பூர், பெரம்பூர் என்று வீடு மாறிக்கொண்டே இருந்தார். அரிசி, நெய் விற்றுப் பார்த்தார். பத்து லட்சம் ரூபாய் கம்பெனியை நடத்தியவர் கைக்கு சில்லறை வியாபாரம் கூடிவரவில்லை. தென்னாப்பிரிக்காத் தமிழர்கள் அவருக்கென்று கொடுத்த பணம் காந்தி வழியாக வரவேண்டியிருந்தது. அதைப் பற்றி 1915-ல் இரண்டு பேருக்கும் கடிதம் போய்வந்துகொண்டே இருந்தது. கடைசியில் 1916 தொடக்கத்தில் கைக்கு வந்தது 347 ரூபாய் 12 அணா. அந்தப் பன்னிரண்டு அணாவைப் படிக்கும்போது எனக்குச் சங்கடமாக இருந்தது. எங்கள் வீட்டில் அம்மா தையல் கூலியைச் சில்லறை வரைக்கும் எண்ணி வைக்கிற ஞாபகம் வந்தது.

அந்தக் கஷ்டத்திலும் சும்மா இருக்கவில்லை. சென்னையில் தொழிற்சங்க வேலைகளில் திரு.வி.க.வோடு சேர்ந்தார். 1917-ல் குறளின் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். அரிசிப் பானை எப்படி இருந்தாலும் அச்சாபீஸ் வேலை நடந்துகொண்டே இருந்திருக்கிறது.

அடுத்து வருவதுதான் எனக்கு ரொம்ப யோசனை கொடுத்த இடம். 1920-ல் காந்தி ஒத்துழையாமை என்றார். கோர்ட்டைப் புறக்கணிக்கவேண்டும் என்றார். மோதிலால் நேரு, சேலத்து ராஜாஜி என்று பெரிய பெரிய வக்கீல்கள் தொழிலைத் தூக்கி எறிந்தார்கள். அந்தத் திட்டத்தை ஏற்காமல் வ.உ.சி. காங்கிரசை விட்டு விலகினார். பிறகு கோயம்புத்தூரில் ஒரு பாங்கில் வேலை பார்த்தார். அதுவும் ஒத்துவராமல் சன்னதைத் திரும்பத் தரும்படி கேட்டார். எல்லாரும் கோட்டைக் கழற்றின நேரத்தில் இவர் மட்டும் கோட்டைக் கேட்டார்.

இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. ஹாஸ்டலில் நண்பர்களோடு இதைப் பற்றிச் சண்டையே போட்டோம். தியாகி கடைசி வரை தியாகியாக இருக்கவேண்டாமா என்பது ஒரு கட்சி. என் கட்சி வேறு. கோட்டைக் கழற்றி வைத்தவர்கள் பலருக்கும் அதற்கு முன்னால் சம்பாதித்தது வீட்டில் இருந்தது. இவருக்குக் கழற்றி வைக்கக் கோட்டே கிடையாது, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே உருவிவிட்டார்கள். மற்றவர்கள் 1920-ல் செய்ததை இவர் 1908-லேயே செய்து முடித்துவிட்டு வயிற்றோடு நிற்கிறார். இரண்டாம் தடவையும் இவரே கொடுக்கவேண்டும் என்றால் எப்படி?

சன்னதைத் திரும்பக் கிடைக்கச் செய்தவர் ஒரு வெள்ளைக்காரர். பெயர் வாலஸ். முன்பு திருநெல்வேலியில் மாஜிஸ்டிரேட்டாக இருந்தபோதே வ.உ.சி.யைத் தெரிந்தவர், பிறகு சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதியானவர். அந்த நன்றிக்கு வ.உ.சி. தன் கடைசி மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்காரன் கப்பலுக்கு எதிர்க் கப்பல் விட்டவர் வீட்டில் வெள்ளைக்காரர் பெயரில் ஒரு பிள்ளை! ஈஸ்வரனைச் சேர்த்துக் கொஞ்சம் நம்ம பெயராகவும் ஆக்கிக்கொண்டார். யார் ஆட்சி வேண்டாம் என்பது வேறு, யாருக்கு நன்றி சொல்வது என்பது வேறு என்று அவருக்குக் கணக்குத் தெளிவாக இருந்திருக்கிறது.

கோவில்பட்டிக்கு வந்து மறுபடி வக்கீலாக உட்கார்ந்தார். நம் பக்கத்திலிருந்து சங்கரன்கோவில் வழியாகப் போனால் வருகிற அதே கோவில்பட்டிதான். ஐம்பது வயதைத் தாண்டியாயிற்று. ஜெயிலில் உடம்பு போயிற்று. மறுபடியும் அதே திண்ணை, அதே மஞ்சள் பை, அதே வாய்தா. கட்சிக்காரர்களுக்கு இவர் யார் என்று தெரிந்திருக்கும். அதற்காக ஃபீஸ் கூடுதலாகக் கொடுத்திருப்பார்கள் என்று தாத்தா நம்பவில்லை. பெரிய வருமானம் வரவில்லை. இந்தக் கோவில்பட்டிக் காலத்தில்தான் 1928-ல் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தை இளம்பூரணர் உரையோடு பதிப்பித்தார். பகலில் கோர்ட்டு, இரவில் தொல்காப்பியம். 1927-ல் மறுபடி காங்கிரசுக்கு வந்து சேலம் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். அதுவும் நிலைக்கவில்லை.

1932-ல் தூத்துக்குடிக்கே திரும்பினார். கப்பல் விட்ட அதே கரை. 1935-ல் சிவஞான போதத்துக்கு உரை எழுதி வெளியிட்டார். 1936 நவம்பர் 18-ந் தேதி, அறுபத்து நாலாவது வயதில் காலமானார். அவர் விரும்பியபடி காங்கிரஸ் அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றார்கள், அங்கேதான் உயிர் பிரிந்தது.

பிற்பாடு எல்லாம் வந்தது. ம.பொ.சி. புத்தகம் எழுதிக் கப்பலோட்டிய தமிழன் என்ற பெயரை ஊரெங்கும் நிலைக்கச் செய்தார். 1972-ல் நூற்றாண்டுக்குத் தபால்தலை வந்தது. 1986-ல் தூத்துக்குடியைத் தனி மாவட்டமாகப் பிரித்தபோது அவர் பெயரை வைத்தார்கள், 1997-ல் எல்லா மாவட்டங்களுக்கும் தலைவர்கள் பெயரை எடுத்தபோது இதுவும் போயிற்று. 2011-ல் தூத்துக்குடி துறைமுகத்துக்கு அவர் பெயர் வந்தது. ஒட்டப்பிடாரத்து வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. எல்லா இடத்திலும் கப்பல்தான் முன்னால் நிற்கிறது. அந்தக் கப்பல் வேலை, கம்பெனி பதிவானதிலிருந்து கைதான நாள் வரைக்கும் எண்ணினால், ஒன்றரை வருஷம். கறுப்புக் கோட்டு வேலை அதற்கு முன்னால் பத்து வருஷத்துக்கு மேல், ஜெயிலுக்குப் பின்னாலும் சாகிற காலம் நெருங்குகிற வரைக்கும்.

கடைசி நாட்களில் அவர் எழுதி வைத்த உயிலில், கடைக்காரர்களுக்குத் தரவேண்டிய பாக்கிகளையும் குறித்து வைத்தார். யார் யாருக்கு எவ்வளவு என்று கணக்காக. வக்கீல் அல்லவா, தன் கேசையும் ஒழுங்காக எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

இந்த உயில் விஷயத்தைக் குமாஸ்தா தாத்தாவிடம் போய்ச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. வெற்றிலைச் செல்லத்தை மூடி வைத்தார். அப்புறம், அவுககிட்ட நல்ல குமாஸ்தா ஒருத்தன் இருந்திருந்தா கட்சிக்காரங்ககிட்ட நின்ன ஃபீஸ் பாக்கியையாவது வசூல் பண்ணிக் கொடுத்திருப்பானேலே என்று வருத்தப்பட்டுக்கொண்டே எழுந்து உள்ளே போனார்.